தொகுப்பார் கடன்: ஓர் எஸ்தோனியச் சொல்லின் வழியே சில சிந்தனைகள்

ஒரு மொழியின் பெருமையை அதன் காப்பியங்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. ஆயினும், அம்மொழி பேசும் மக்களின் உள்ளப் போக்கை அறிய விழைவோர், அறிஞர் போற்றும் பெருஞ்சொற்களை மட்டும் நோக்கினால் போதாது. நாள்தோறும் அலுவலகத்திலும் அங்காடியிலும் வகுப்பறையிலும் வந்து போகும் எளிய சொற்களையும் நோக்குதல் வேண்டும். மக்கள் தம்மை அறியாமலே தம் வாழ்க்கை நெறியை அச்சொற்களில் பொதிந்து வைத்திருப்பர்.

அத்தகைய ஓர் எளிய சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. அது நம் மொழிச் சொல்லன்று. வடக்கு ஐரோப்பாவில் பால்டிக் கடற்கரையில் அமைந்த எஸ்தோனியா என்னும் சிறு நாட்டின் சொல். அந்நாட்டில் வெளியாகும் நாட்டுப்பாடல் திரட்டாயினும், அகராதியாயினும், பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசகமாயினும், அதன் முகப்புப் பக்கத்தில் ஒருவர் பெயரோடு 'கோஸ்தனுத்' என்னும் சொல் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். 'தொகுத்தவர்' என்பது அதன் கருத்து. அவ்வினை அகராதியில் 'கோஸ்தமா' என்னும் வடிவில் இடம்பெறும். பல பொருள்களை ஒன்றுகூட்டி ஒரு முழுமையாக அமைத்தல் என்று அதற்குப் பொருள் கூறலாம். தமிழ் கற்பிக்கும் எனக்கு இச்சொல் ஓர் அயற்சொல்லாகத் தோன்றவில்லை. தொகை நூல்களைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வரும் நம் துறைக்கு உறவான ஒரு கருத்தையே அது தாங்கி நிற்கிறது.

மொழியும் மக்களும்

எஸ்தோனியாவின் மக்கள்தொகை 13 இலட்சத்தைச் சற்றே கடந்தது. நம் நாட்டின் ஒரு பெருநகரில் வாழ்வோரினும் குறைந்த தொகையினர் ஒரு தனி மொழியையும், பல்கலைக்கழகத்தையும், இலக்கியத்தையும் பேணி வருகின்றனர். அவர்தம் மொழி, சுற்றிலும் வழங்கும் உருசிய, செருமானிய, சுவீடிய மொழிகளின் குடும்பத்தைச் சார்ந்ததன்று. பின்லாந்து மொழிக்கு மிக நெருங்கியதாய், உராலிக் குடும்பத்தைச் சார்ந்து நிற்பது.

அம்மொழியில் பெயர்ச்சொற்களுக்கு ஆண் பெண் என்னும் பால் வேறுபாடு இல்லை. நாம் எட்டு வேற்றுமை கொள்ள, அவர்கள் 14 வேற்றுமை கொள்வர். ஒலியளவிலும் ஒரு சிறப்புண்டு. குறில், நெடில் என இரு நிலையோடு அவர்கள் அமைவதில்லை. அதனினும் நீண்டொலிக்கும் மூன்றாம் நிலையொன்றும் அங்கே உண்டு. பேச்சில் அந்நீட்சி மாறினால் பொருளே மாறிவிடும். 'லின்ன' என்பது ஓரளவில் ஒலித்தால் 'நகரத்தின்' என்றும், மிகுத்து ஒலித்தால் 'நகரத்துக்குள்' என்றும் பொருள்படும். எழுத்திலோ இரண்டும் ஒன்றே. அளபெடையை யாப்பிலக்கணத்தில் மட்டும் கண்டு பழகிய நம் மாணவர்களுக்கு, அதுபோன்ற நீட்சியை அன்றாடப் பேச்சிலேயே கையாளும் ஒரு மக்கள் உளர் என்பது வியப்பளிக்கும்.

1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், திராவிட மொழிகளைப் பின்னிய மொழியினமும் அடங்கிய 'சித்திய' மொழிகளோடு சேர்த்து எண்ணினார். இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்பதில்லை. ஆகவே, ஈண்டு நான் காட்டும் ஒப்புமைகள் எவையும் குருதி உறவுக்குச் சான்றல்ல; மனித உள்ளம் எங்கும் ஒருபடித்தாக இயங்குவதற்குச் சான்று என்ற அளவிலேயே கொள்ளத்தக்கவை.

சொல்லின் பிறப்பும் வழக்கும்

'கோஸ்தமா' என்பதன் அடியில் இருப்பது 'கோஸ்' என்னும் சொல். 'சேர்ந்து', 'ஒன்றாக' என்பது அதன் பொருள். அதற்கு இரு துணைச் சொற்கள் உண்டு. 'கொக்கு' என்றால் 'ஒன்றாகும்படி' என்று பொருள். நம் செவிக்கு அது பறவையின் பெயராய் ஒலிப்பது ஒரு வேடிக்கை. 'கோஸ்த்' என்றால் 'ஒன்றாயிருந்த நிலையினின்று நீங்கி' என்று பொருள். சிதைந்து போன ஒன்றைக் குறித்துச் சொல்வது. ஒன்றாக இருத்தல், ஒன்றாகச் சேர்தல், ஒன்றினின்று பிரிதல் என்னும் மூன்று நிலைகளையும் ஒரே வேரினின்று பிறந்த மூன்று சிறு சொற்கள் காட்டி நிற்பது நோக்கத்தக்கது.

இவற்றின் வேரிலேயே 'கொகு' என்னும் பெயர்ச்சொல்லும் நிற்கிறது. திரள், முழுமை என்பன அதன் பொருள்கள். அதன் அடியாகப் பிறந்த 'கொகுமா' என்னும் வினைக்குத் திரட்டுதல், சேகரித்தல் என்று பொருள். ஆக, 'கொகுமா' என்பதும் 'கோஸ்தமா' என்பதும் உடன்பிறந்த சொற்கள் எனலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. காளானையும் காட்டுப் பழங்களையும் பறித்துக் கூடையில் சேர்ப்பவன் செய்வது 'கொகுமா'. சேர்த்தவற்றை நிரல்பட வைத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் கண்டு, ஒரு முழுமையை ஆக்குபவன் செய்வது 'கோஸ்தமா'. முன்னது கையின் வேலை. பின்னது அறிவின் வேலையும் ஆகும்.

இச்சொல்லின் வழக்கு மிக விரிந்தது. பெயர்ப்பட்டியல் ஆயத்தம் செய்தல், திட்டம் தீட்டுதல், ஒப்பந்தம் வரைதல், வரவுசெலவுத் திட்டம் அமைத்தல், பாடத்திட்டம் வகுத்தல், அகராதி ஆக்குதல், குறுக்கெழுத்துப் போட்டி அமைத்தல் ஆகிய அனைத்துக்கும் எஸ்தோனியர் 'கோஸ்தமா' என்பர். நாம் இவற்றுக்குத் தீட்டுதல், வரைதல், வகுத்தல், அமைத்தல் என வெவ்வேறு வினைகளை வழங்குகிறோம். அவர்களோ இவை அனைத்தின் அடியிலும் ஒரே செயலைக் காண்கின்றனர்.

இருப்புப்பாதை நிலையத்தில் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தொடராக்கும் தொழிலாளிக்கு அம்மொழியில் 'ரொங்கிகோஸ்தயா' என்று பெயர். 'தொடர்வண்டியைத் தொகுப்பவர்' என்பது நேர்ப்பொருள். அகராதி ஆக்கும் பேரறிஞரும், எண்ணெய்க்கறை படிந்த கையோடு பெட்டிகளைப் பூட்டும் தொழிலாளியும் ஒரே வினையால் குறிக்கப்பெறுவதை எண்ணிப் பாருங்கள். ஒரு கொக்கி சரியாக மாட்டப்படாவிடில் தொடர்வண்டி என்னாகும் என்பதை அத்தொழிலாளி அறிவார். ஒரு பொருள் பிழையாக மாட்டப்படாவிடில் அகராதி என்னாகும் என்பதைப் புலவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கடைகளில் விற்கும் உணவுப் பொதிகளின் மேல், உள்ளே கலந்திருக்கும் பொருள்களின் பட்டியலுக்குத் தலைப்பாக 'கோஸ்திஸ்' என்னும் சொல்லைக் காணலாம். உட்கூறுகளின் அமைப்பு என்பது பொருள். மக்கள் ஓரிடத்தில் கூடி ஆராயும் கூட்டத்துக்கு 'கோஸொலெக்' என்று பெயர். 'சேர்ந்திருத்தல்' என்பது அதன் சொற்பொருள். கூட்டுப்பணி என்பதற்கும் இதே 'கோஸ்' முன்னே நின்று சொல்லாக்கித் தருகிறது. உணவும் அவையும் உழைப்பும் நூலும் அங்கே ஒரே வேரில் கிளைத்தவை.

இச்சொல் செல்லாத இடங்கள்

ஒரு சொல்லின் பொருளை நன்கறிய, அது வழங்கும் இடங்களோடு வழங்காத இடங்களையும் அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் இசை அமைப்பதற்கும், மடல் வரைவதற்கும், அச்சகத்தில் எழுத்துக் கோப்பதற்கும் 'கம்போஸ்' என்னும் ஒரே வினை பயன்படுகிறது. நம் ஊர் அச்சகங்களிலும் 'கம்போசிங்' என்றே நெடுங்காலம் வழங்கினோம். எஸ்தோனியரோ இவற்றைப் பிரித்து வைத்துள்ளனர். ஈய எழுத்துகளைக் கோப்பதற்கு அவர்கள் சொல் 'லதுமா' என்பது; விறகை அடுக்குவதற்கும் அதுவே சொல். கவிதை இயற்றுவதற்கு 'லூலெதமா' என்பர். அச்சொல்லே பேச்சு வழக்கில் இல்லாததைப் புனைந்து கூறுவதையும் குறிக்கும். நாமும் பாட்டுக் கட்டுவோம்; 'கதை கட்டுகிறான்' என்று ஒருவனைப் பழிக்கவும் செய்வோம்.

இசையமைப்பாளரை அவர்கள் 'ஹெலிலோயா' என்பர். 'ஹெலி' என்பது ஒலி. 'லோயா' என்பது படைப்போன். 1935இல் பிறந்து உலகப் புகழ் எய்திய ஆர்வோ பேர்த் அவர்களும் தம் நாட்டு மொழியில் ஒரு 'ஹெலிலோயா'தான். இங்கு வரும் 'லோயா', 'லோமா' என்னும் வினையின் அடியாகப் பிறந்தது. 'லோமா' என்றால் படைத்தல். அதே 'லோயா' என்னும் சொல் இறைவனைக் குறிக்கும்போது 'படைத்தவன்' என்னும் திருப்பெயராகிறது. இயற்கைக்கு அவர்கள் வழங்கும் 'லோதுஸ்' என்னும் சொல்லும் இவ்வினையினின்றே தோன்றியது. படைப்பும் படைத்தவனும் ஒரே சொல்லடியில் அமைந்துள்ளமை கருதத்தக்கது.

ஆக, அம்மொழியில் மூன்று படிகள் தெளிவாகின்றன. சேகரிப்பது ஒன்று, தொகுத்தமைப்பது ஒன்று, படைப்பது ஒன்று. இம்மூன்றையும் மயங்காது காத்தல் அறிவுலகின் ஒழுக்கம் என்பதே நான் இச்சொல்லினின்று கற்கும் பாடம்.

நம் மரபின் இணைச்சொற்கள்

அறபு மொழியில் நூலாக்குதலுக்கு 'தஃலீப்' என்று பெயர், நூலாசிரியர் 'முஅல்லிப்'. இச்சொற்களின் வேர் இணைத்தல், நேசம் கொள்ளச் செய்தல் என்னும் பொருளுடையது. பிரிந்து கிடந்த உள்ளங்களை இறைவன் இணைத்தான் என்று திருக்குர்ஆன் கூறுமிடத்தும் இவ்வேரிற் பிறந்த வினையே ஆளப்பட்டுள்ளது. சொற்களை இணைப்பதும் உள்ளங்களை இணைப்பதும் அம்மொழியில் ஒரே செயலின் இரு முகங்கள். நூலாசிரியன் என்பான் இல்லாததிலிருந்து படைப்பவன் அல்லன். இருப்பவற்றை நேசத்தோடு இணைப்பவன் என்னும் அடக்கம் அச்சொல்லில் உள்ளது. இன்மையினின்று உண்மையைத் தோற்றுவிக்கும் ஆற்றல் இறைவன் ஒருவனுக்கே உரியது என்று கருதும் மரபுக்கு இவ்வடக்கம் இயல்பானதே.

தமிழில் 'யாத்தல்' என்பது கட்டுதல். செய்யுளைக் கட்டுவதால் அது யாப்பு. புத்தகத்துக்கும் இழைக்கும் 'நூல்' என்பது பொதுப்பெயர். வழிநூலின் வகைகளைக் கூறும் தொல்காப்பியம், தொகுத்தலை அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. சங்கத் தொகைகளுள் சிலவற்றுக்குத் தொகுத்தார் பெயரும் தொகுப்பித்தார் பெயரும் நமக்குக் கிடைத்துள்ளன. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இன்னுமொரு செய்தி நம் நெஞ்சை நெகிழ்விப்பது. பாடியவர் பெயர் தெரியாத இடத்து, அப்பாடலை யாரோ ஒருவர் பெயரில் ஏற்றிவிடாமல், பாட்டில் வரும் அரிய தொடரையே புலவர் பெயராக வழங்கினர். செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. தெரியாததைத் தெரியாததாகவே விட்டு, அதே வேளையில் பாடியவனின் உரிமையையும் காத்த பண்பு அது.

இரு எஸ்தோனியர்

தொகுப்பவனுக்கும் படைப்பவனுக்கும் இடையிலுள்ள கோட்டை விளங்கிக்கொள்ள, எஸ்தோனிய வரலாற்றிலேயே இருவர் நமக்கு எடுத்துக்காட்டாய் நிற்கின்றனர்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்தோனியர் செருமானிய நிலக்கிழார்களின் பண்ணையடிமைகள். நாட்டை ஆண்டவர் உருசியப் பேரரசர். 1816இலும் 1819இலும் பிறந்த சட்டங்களால் அடிமைத்தளை நீங்கியது. எனினும், 'உழவர் மொழி' என்று இகழப்பட்ட தம் மொழிக்கு ஒரு காப்பியம் வேண்டும் என்னும் வேட்கை அம்மக்களிடையே கற்றோரிடம் மூண்டது. தார்த்து நகரில் 1838இல் தோன்றிய எஸ்தோனியக் கல்விக் கழகத்தைச் சார்ந்த மருத்துவர் பேல்மன், கலெவின் மகன் என்னும் பெருவீரனைப் பற்றிய கதைகளைக் கொண்டு காப்பியம் ஆக்க எண்ணினார். 1850இல் அவர் மறைந்தார். வோரு என்னும் சிற்றூரில் மருத்துவராயிருந்த குரோய்ட்ஸ்வால்ட் அப்பணியை ஏற்றார். அவர் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். 1853இல் ஆயத்தமான முதல் வடிவம் தணிக்கையின் தடையால் வெளிவரவில்லை. பின்னர் 1857 முதல் 1861 வரை செருமானிய மொழிபெயர்ப்போடு பகுதி பகுதியாக வெளிவந்தது. மக்கள் பதிப்பு 1862இல் பின்லாந்தின் குவோபியோ நகரில் அச்சேறியது. அதுவே 20 பாடல்களும் ஏறத்தாழ 19,000 அடிகளும் கொண்ட 'கலெவிபொயெக்' என்னும் தேசியக் காப்பியம்.

அக்காப்பியத்தில் மோனையும், ஒரு கருத்தை அடுத்த அடியில் வேறு சொற்களால் திருப்பிக் கூறும் முறையும் நாட்டுப்பாடல்களின் மரபையே தழுவியவை. ஆயினும், அடிகளுள் பெரும்பகுதி மக்கள் வாயில் வழங்கியவை அல்ல. அம்மரபைப் பின்பற்றிக் குரோய்ட்ஸ்வால்ட் தாமே இயற்றியவை. வழங்கிய கதைகளும் பெரும்பாலும் உரைநடையில் சிதறிக் கிடந்தவையே. ஆகவே அந்நூலை அவர் தொகுத்தார் என்பதா, படைத்தார் என்பதா என்னும் வினா எழுந்தது. எது மக்களுடையது, எது மருத்துவருடையது என்று பிரித்தறியப் பிற்கால ஆய்வாளர் பெரிதும் உழைக்க நேர்ந்தது. இதனால் அக்காப்பியத்தின் பெருமை குன்றிவிடவில்லை. தாழ்த்தப்பட்ட ஒரு மக்களினம் தலைநிமிர அது துணை நின்றது. எனினும், பழம்பாடல் எப்படி இருந்தது என்று அறிய விழைவோன் அதனிடம் சென்று கேட்க இயலாது.

மற்றவர் யாகோப் ஹுர்த். 1839இல் பிறந்து 1907இல் மறைந்த இவர் ஒரு சமயகுரு. புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் எஸ்தோனிய மக்களின் திருச்சபையில் பணியாற்றியவர். பாடல்களும் கதைகளும் பழமொழிகளும் அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைவதைக் கண்ட அவர், 1888இல் செய்தித்தாள்களின் வாயிலாகத் தம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். உங்கள் ஊரில் வழங்குவனவற்றை எழுதி அனுப்புங்கள். கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள். எந்த ஊரில் யாரிடம் கேட்டது என்பதையும் குறியுங்கள் என்பது அதன் சாரம். பள்ளி ஆசிரியரும், உழவரும், கைவினைஞரும், மாணவருமாக ஏறத்தாழ 1,400 பேர் அவ்வழைப்பை ஏற்றனர். சேர்ந்தவை ஓர் இலட்சம் பக்கங்களுக்கும் மேல். வந்து சேர்ந்தவற்றைப் பற்றி ஹுர்த் செய்தித்தாள்களில் தொடர்ந்து அறிக்கை வெளியிட்டு, அனுப்பியவர்களின் உழைப்பை நாடறியச் செய்தார். குக்கிராமத்து இளைஞன் ஒருவன் தான் அனுப்பிய பத்துப் பாடல்களோடு தன் பெயரும் அச்சில் வந்திருப்பதைக் காணும்போது, அப்பணி தன்னுடையது என்று எண்ணுவான் அல்லனோ? ஒரு மக்களினமே தன்னைத் தான் தொகுத்துக்கொண்ட காட்சி அது.

அவர் வாழ்நாளில் அச்சேறியது அதில் ஒரு சிறு பகுதியே. ஆனால் அச்சேறாத பகுதி வீணாகவில்லை. தார்த்து நகரின் எஸ்தோனிய இலக்கிய அருங்காட்சியகத்தில் அக்கையெழுத்துப் படிகள் இன்றும் உள்ளன. ஓர் அடியைச் சுட்டி, இஃது எந்த ஊரில் பெறப்பட்டது, எழுதி அனுப்பியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் விடை கிடைக்கிறது. குரோய்ட்ஸ்வால்ட் தம் மக்களுக்கு ஒரு கொடியைத் தந்தார். ஹுர்த் ஒரு களஞ்சியத்தைத் தந்தார். இரண்டும் வேண்டியவையே. கொடியைக் களஞ்சியம் என்று மயங்குதல் மட்டுமே கூடாது.

தொகுப்பும் அமானிதமும்

முதியோர் மறைவால் செல்வம் மறையும் என்னும் அச்சமே ஹுர்த்தைச் செயலுக்குத் தூண்டியது. இஸ்லாமிய வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. யமாமாப் போரில் திருமறையை மனனம் செய்தோர் பலர் உயிர் நீத்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் வலியுறுத்த, கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பணியை ஒப்படைத்தார்கள். அவரும் மனனம் செய்தவரே. ஆயினும் தம் நினைவை மட்டும் நம்பி அவர் எழுதிவிடவில்லை. எழுத்துப் படிகளையும் மனனம் செய்தோரின் சான்றையும் தேடிப் பெற்றே ஒழுங்கு செய்தார். தாம் அறிந்ததற்கும் சான்று தேடிய அப்பேணுதல் தொகுப்பார்க்கெல்லாம் இலக்கணம்.

ஹதீஸ் தொகுத்த பெருமக்களும் இவ்வழியினரே. 870இல் மறைந்த இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் நூலில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னர் அறிவிப்பாளர் வரிசை நிற்கிறது. இவரிடமிருந்து இவர் கேட்டார், அவரிடமிருந்து அவர் கேட்டார் என்னும் சங்கிலியே 'இஸ்னாத்'. தொடர்வண்டித் தொழிலாளியின் கொக்கிகளை இங்கு நினைவு கூரலாம். ஒரு கொக்கி விடுபட்டாலும் பின்னுள்ள பெட்டிகள் நின்றுவிடும்.

எஸ்தோனிய மொழிக்கும் திருமறை சென்று சேர்ந்துள்ளது என்பதை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். கீழ்த்திசை மொழி அறிஞர் ஹல்யந்த் உதம் மொழிபெயர்த்த திருக்குர்ஆன் 2007இல் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் 2005இலேயே மறைந்துவிட்டார். தம் உழைப்பை நூலாகக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் அவர் பெயர் அதில் நிலைத்து நிற்கிறது.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காகத் தென்கடலோர ஊர்களில் முஸ்லிம் பெண்களின் தாலாட்டுகளையும் திருமணப் பாடல்களையும் திரட்டிய காலத்தில் நான் கேட்ட ஒரு சொல் இவ்விடத்து நினைவுக்கு வருகிறது. எண்பது அகவையைக் கடந்த மூதாட்டி ஒருவர் முக்காட்டைச் சரிசெய்தபடி நெடியதொரு தாலாட்டைப் பாடி முடித்தார். பாடியவர் என்று அவர் பெயரைக் குறித்துக்கொள்ளலாமா என்று வினவினேன். "என் பேர எழுது வாப்பா, வேணாங்கல. ஆனா பாட்டு என்னுதுன்னு எழுதிராத. எங்க உம்மா சொல்லித் தந்தது. உம்மாவுக்கு அவங்க மாமி சொல்லித் தந்தாங்க. அவங்க பேரு ஆமினா. அதயும் சேத்து எழுது" என்றார். எழுதப் படிக்க அறியாத அம்மூதாட்டி இஸ்னாத் என்னும் கலைச்சொல்லை அறிந்திருப்பாரா என்பது ஐயமே. அதன் உயிரை அவர் அறிந்திருந்தார். ஹுர்த்தின் வேண்டுகோளிலும், இமாம்களின் நெறியிலும், பூரிக்கோ காலத்துத் தொகையிலும் நான் காண்பது அவர் காட்டிய அந்த நேர்மையையே.

மாணவர்க்குச் சில சொற்கள்

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! உங்கள் தலைமுறைக்குத் திரட்டுதல் மிக எளிதாகிவிட்டது. ஒரு விரலசைவில் நூறு கட்டுரைகள் வந்து குவிகின்றன. குவித்தவற்றை அப்படியே தாளில் இறக்கி, மேலே தம் பெயரை எழுதி, ஆய்வேடு என்று தருவோரையும் நாம் காண்கிறோம். எஸ்தோனியரின் சொல்லாட்சியில் கூறின், அது 'கோஸ்தமா' அன்று, 'கொகுமா'வும் அன்று. காட்டுப் பழம் பறிப்பவனாவது காட்டுக்குள் நடந்து செல்கிறான். முள்ளில் கை கீறிக்கொள்கிறான்.

தொகுப்பார்க்குக் கடன் மூன்று உண்டு என்பேன். முதலாவது, பெற்ற இடத்தை மறையாமை. எவரிடமிருந்து எது பெறப்பட்டதோ அதை அவர் பெயரோடு வைத்தல் வேண்டும். இது வெறும் மரியாதையன்று, அமானிதம். இரண்டாவது, தன் கைச்சரக்கைப் பிறர் பொருளோடு கலவாமை. இடைவெளியை நிரப்ப நேரின், இஃது என் சொல் என்று வெளிப்படக் கூறுதல் வேண்டும். மூன்றாவது, ஒழுங்கு. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் கண்டு வைப்பதில்தான் தொகுப்பவனின் அறிவு விளங்கும். அவ்வொழுங்கு இல்லாத திரட்டு, தண்டவாளத்தில் ஆங்காங்கே சிதறி நிற்கும் பெட்டிகளை ஒக்கும், தொடர்வண்டி ஆகாது.

நம் ஊர்களில் இன்னும் பாடல் அறிந்த மூதாட்டியர் உளர். பெட்டகங்களில் அறபுத்தமிழ்க் கையெழுத்துச் சுவடிகள் உறங்குகின்றன. மண வீடுகளில் ஒலித்த பாடல்கள் ஒலிபெருக்கியின் இரைச்சலில் அடங்கிவிட்டன. சமுதாயப் பெரியோர்கள் தத்தம் இல்லங்களில் உள்ளவற்றை மாணவர்க்குத் திறந்து காட்டுதல் வேண்டும். மாணவர்கள் விடுமுறை நாள்களில் ஒரு குறிப்பேட்டோடு தம் உம்மம்மாவின் அருகில் அமர்தல் வேண்டும். கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள். நாளையும் ஊரையும் குறியுங்கள். பாடியவர் பெயரையும், அவருக்குச் சொல்லித் தந்தவர் பெயரையும் மறவாது எழுதுங்கள். 1,400 பேர் வேண்டா. ஒரு வகுப்பிலுள்ள 40 பேர் முன்வந்தாலே ஒரு நல்ல களஞ்சியத்துக்கு அடித்தளம் அமைந்துவிடும்.

படைத்தல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. காப்பியம் யாக்கும் ஆற்றல் ஒரு நூற்றாண்டில் ஓரிருவர்க்கே அருளப்படுகிறது. தொகுத்தலோ பொறுமையும் நேர்மையும் உள்ள யாவர்க்கும் இயலும். ஆகவே அதனைத் தாழ்ந்த பணி என்று எண்ணற்க. பிரிந்து கிடப்பனவற்றை, உரியவர்க்கு உரியதை வழங்கி, நேசத்தோடு ஒன்று சேர்ப்பவன் அறிவையும் வளர்க்கிறான், உறவையும் வளர்க்கிறான். அப்பணியைத் தொடங்கும் உறுதியையும் முடிக்கும் பேற்றையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!